கம்பத்தில் ஃபைபர் கட்டும் உதிரிகள்: திசையன்விளைத் தடத்தில் ஓராண்டு அனுபவம்

உள்ளூரில் இணைய இணைப்புக் கொடுக்கும் சிறு தொழில் எங்களுடையது. கடந்த ஆண்டு, திசையன்விளையிலிருந்து உவரிக்குப் போகும் வழியில் நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கும், அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே ஆற்றையொட்டிய இரண்டு ஊர்களுக்கும் கம்பங்களின் மேல் புதிதாக ஃபைபர் கேபிள் இழுத்தோம். எந்தக் கேபிள் நல்லது என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். அதைக் கம்பத்தில் பிடித்து நிறுத்தும் கிளாம்ப், பட்டை, கொக்கி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் நாங்கள் வாங்கிய உதிரிகள் ஒரு மேல்காற்றுப் பருவத்தையும் ஓர் ஐப்பசி, கார்த்திகை மழையையும் கடந்து இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதை எழுதுகிறேன்.

முதலில் டென்ஷன் கிளாம்ப். தடத்தின் இரு முனைகளிலும், திருப்பங்களிலும் கேபிளின் முழு இழுப்பையும் தாங்குவது இதுதான். இரும்போ தாமிரமோ கலவாமல் அராமிட் என்னும் செயற்கை நூலின் வலிமையில் தானே தொங்கும் ஏடிஎஸ்எஸ் கேபிளைத்தான் நாங்கள் பயன்படுத்தினோம். மின்கம்பத்தில் கட்டும்போது மின்சாரத்தைக் கடத்தும் பொருள் அதில் இல்லை என்பது பெரிய நிம்மதி. கேபிளின் வெளிவிட்டம் 9.5 மில்லிமீட்டர். கடையில் முதலில் கொடுத்த கிளாம்பின் உடலில் 11 முதல் 14 மில்லிமீட்டர் வரை என்று அச்சிடப்பட்டிருந்தது. அதை நாங்கள் கவனிக்கவில்லை. கேபிள் உள்ளே வழுக்குவதைக் கண்ட எங்கள் லைன்மேன் தம்பி, இன்சுலேஷன் டேப்பைப் பல சுற்றுச் சுற்றித் தடிமனாக்கி, அதன் மேல், கிளாம்புக்குள் கேபிளைக் கவ்விப் பிடிக்கும் ஆப்பை அடித்து இறுக்கிவிட்டார். இது இப்பகுதியில் பலரும் செய்கிற வேலைதான். ஆயினும் செய்யவே கூடாத வேலை. ஆனி மாதம் காற்று தொடங்கியதும் அந்தத் தடத்தின் வாடிக்கையாளர்களுக்கு இணைப்பு விட்டுவிட்டு வந்தது. இழையில் எத்தனை தூரத்தில் எவ்வளவு ஒளி குறைகிறது என்று காட்டும் ஓடிடிஆர் கருவியில் 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் பார்த்தபோது கோடு ஏறக்குறைய நேராகவே இருந்தது. 1550இல் பார்த்தபோதுதான் அந்தக் கம்பத்தின் தூரத்தில் அரை டெசிபெலுக்கு மேல் இறக்கம் தெரிந்தது. நீண்ட அலைநீளத்தில் மட்டும் இழப்பு மிகுந்தால், இழை எங்கோ நெருக்கப்படுகிறது அல்லது வளைக்கப்படுகிறது என்று பொருள். டேப்பின் மேடு பள்ளத்தில் ஆப்பு ஏறி உட்கார்ந்து கேபிளை ஓரிடத்தில் மட்டும் நசுக்கியிருந்தது.

அதன் பிறகு 8 முதல் 10 மில்லிமீட்டருக்கான கிளாம்பைக் கேட்டு வாங்கினோம். ஆப்பின் நீளம் பழையதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. பிடி நீளமானால் அழுத்தம் பரவி ஓரிடத்தில் குவியாது. விலையும் கூடத்தான். ஆயினும் ஆடி முழுவதும் ஓரிடத்தில்கூட உறை நழுவவில்லை, 1550இல் அந்த இறக்கமும் மறைந்துவிட்டது. ஆகவே கடைக்குப் போகும்போது கேபிளின் ஒரு சாண் துண்டையும் வெர்னியர் காலிப்பரையும் கையோடு கொண்டுபோங்கள். சுருளில் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கமெல்லாம் வைகாசி முதல் ஆவணி வரை ஓயாமல் அடிக்கிறது; அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதற்கும் அதுவே காரணம். அந்தக் காற்றுக்குப் பயந்து கேபிளை வில் நாணைப் போல இழுத்துக் கட்டுவோர் உண்டு. அது தவறு. மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள கேபிளை, 50 மீட்டர் இடைவெளியில் 50 சென்டிமீட்டர் தொய்வு விட்டுக் கட்டினால் கிளாம்பின் மேல் விழும் இழுவிசை சுமார் 62 கிலோ; தொய்வை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் அது 125 கிலோவாக உயர்ந்துவிடும். காற்றின் தள்ளுவிசை இதற்கு மேல் சேர்வது. இடைவெளியில் நூற்றுக்கு ஒரு பங்கு தொய்வு என்ற கணக்கை நாங்கள் எல்லாக் கம்பங்களிலும் பின்பற்றினோம். எவ்வளவு நல்ல கிளாம்ப் வாங்கினாலும் இந்தக் கணக்கு பிழைத்தால் பயனில்லை.

அடுத்தது கம்பத்தைச் சுற்றிக் கட்டும் எவர்சில்வர் பட்டையும், அதன் முனையைப் பூட்டும் பக்கிளும். என் மனத்தாங்கல் இதில்தான் அதிகம். கடையில் மூன்று தரம் இருக்கிறது: 201, 304, 316. மூன்றும் கண்ணுக்கு ஒன்று போலவே மின்னும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி, “இது அசல் 304 அண்ணாச்சி” என்று கடைப்பையன் சொன்னார். அவரும் தெரிந்து பொய் சொல்லவில்லை. 201 தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யப்படுவது 201. அம்பாசமுத்திரம் பக்கம் கட்டிய பட்டைகள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. உவரிக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அதே சுருளிலிருந்து வெட்டிக் கட்டியவை ஐந்தாறு மாதங்களுக்குள் பழுப்புக் கறை பிடித்து, பக்கிள் மடியும் இடத்தில் புள்ளி புள்ளியாக அரித்திருந்தன. உப்புக்காற்றுக்கு 316தான் சரி. அதில் சேர்க்கப்படும் மாலிப்டினம் உப்பின் அரிப்பைத் தடுக்கிறது. கடலோரத்தில் மட்டும் 316ஐயும், கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் ஆலைச் சான்றிதழ் உள்ள 304ஐயும் இப்போது வாங்குகிறோம். சான்றிதழ் கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் பட்டை வாங்காதீர்கள்.

பட்டையோடு சேர்த்து, கிளாம்பை மாட்டுவதற்கான இரும்புப் பிராக்கெட்டுக்கும் இதே கவனம் வேண்டும். சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்தது மங்கலாகவும் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். மின்முலாம் பூசியது பளபளப்பாக இருக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது, மங்கலானதே நாள்பட நிற்கும். சிமெண்டுக் கம்பத்தில் துளை போட்டு பிராக்கெட் மாட்டுவது கூடவே கூடாது. உள்ளே முன்னிழுத்து வைத்த கம்பிகளுக்குள் ஈரம் இறங்கிவிடும். பட்டைதான் வழி; அதற்கும் முன்பாக மின்வாரியத்தின் அனுமதி வேண்டும்.

இடைக் கம்பங்களில் கேபிளைத் தாங்கி மட்டும் நிற்க வாங்கிய சஸ்பென்ஷன் கிளாம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளிருக்கும் ரப்பர் இன்னும் வெடிக்கவில்லை. தடம் 20 டிகிரிக்கு மேல் திரும்பும் கம்பத்தில் மட்டும் இதை மாட்டாமல் இரண்டு டென்ஷன் கிளாம்புகளைப் போட்டோம். கம்பம் கிடைக்காத இடத்தில் பனைமரத்தில் கட்டிவிடலாம் என்ற யோசனை எங்கள் ஆட்களுக்கும் வந்தது, நான் ஒப்பவில்லை. மரம் ஆடும்போது கேபிளும் ஆடும், கருக்கு மட்டை உரசி உறையைக் கிழிக்கும்.

இழைகளை ஒட்டிச் சேர்த்த (ஸ்ப்ளைஸ் செய்த) இடத்தை மூடி வைக்கும் பெட்டியான ஜாயின்ட் குளோஷரில் இரண்டு வகை எடுத்தோம். மலிவான படுக்கை வகையில் ரப்பர் வாஷர் மெல்லியது. ஆற்றோர ஊரில் அதைத் திறந்தபோது ஸ்ப்ளைஸ் தட்டு முழுவதும் எறும்புக் கூடு. பயன்படுத்தாத துளைக்குரிய அடைப்பானை வைக்க மறந்தது எங்கள் பிழை. அடைப்பான் தளர்வாக இருந்தது பொருளின் பிழை. தூசியும் நீரும் புகாத ஐபி 68 தரமுள்ள டோம் (கூம்பிய மூடி) வகை இரு மடங்கு விலை என்றாலும், ஐப்பசி அடைமழைக்குப் பின் உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டதைக் கண்ட எவரும், கைக்கெட்டும் உயரத்தில் குளோஷரைத் தொங்கவிட மாட்டார்கள். கேபிள் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கீழே இறக்கி வைத்து ஸ்ப்ளைஸ் செய்ய வசதியாக 10 முதல் 15 மீட்டர் கேபிளைச் சுருட்டி விட வேண்டும். அந்தச் சுருளை மாட்டும் குறுக்குச் சட்டம் இந்தக் கடையில் நல்ல அகலமாகவே கிடைத்தது. நிலையாக இருக்கும் கேபிளின் வளைவு ஆரம் அதன் விட்டத்தைப் போலப் பத்து மடங்குக்குக் குறையக் கூடாது என்பது விதி. எங்கள் கேபிளுக்கு அது பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சட்டம் அதைவிடத் தாராளமானது.

வீடுகளுக்குப் போகும் டிராப் வயருக்கு வாங்கிய பிளாஸ்டிக் கிளாம்புகளில் கறுப்பு நிறமானவை வெயிலைத் தாங்கின. வெள்ளை நிறத்தில் எடுத்த ஒரு பெட்டியில் பாதி, சித்திரை வெயிலில் நொறுங்கிவிட்டது. கறுப்பில் கலக்கும் கரிப்பொடி புற ஊதாக் கதிரைத் தடுப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

கடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரித்த பெட்டியாயிருந்தும் அளவு தவறிய கிளாம்புகளைக் கடைக்கார அண்ணாச்சி முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தார். 316 பட்டையை நாலே நாளில் வரவழைத்தும் தந்தார். அம்பாசமுத்திரம் பக்கத் தென்னந்தோப்புகளில் அணில் கடிக்கு அஞ்சி, எஃகுக் கவசமும் எஃகுத் தாங்குகம்பியும் உள்ள எட்டு வடிவக் கேபிளை ஒரு பகுதியில் போட்டோம். அந்தக் கம்பியைக் கட்டாயம் நிலத்தோடு இணைக்க வேண்டும். அதற்கான எர்த் கிளாம்ப் மட்டும் இந்தக் கடையில் கிடைக்கவில்லை. மதுரையிலிருந்து பேருந்துப் பார்சலில் வரவழைத்துத்தான் அந்த வேலையை முடித்தோம்.