ஒன்பது வருடம் சிங்கப்பூர் ஆற்றோரம் நடந்தவனின் புகார்

போன வாரம் திருச்சியிலிருந்து கல்லூரி நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அப்பா அம்மாவோட சிங்கப்பூர் வர்றோம்டா, மூணு நாள்தான். அந்த ஆத்தங்கரை நடை நல்லா இருக்குமா? அம்மாவுக்கு முட்டி வலி வேற." "நல்லா இருக்கும், வா" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சுற்றை ஒன்பது வருடமாக வாரம் இரண்டு மூன்று நாள் நடக்கிறவனிடம் கேட்டுவிட்டான். அவனுக்கு அடித்த பதில் நீண்டுபோய், கடைசியில் அனுப்பாமலே விட்டதுதான் இது.

முதலில் முட்டி. ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, கேவனாக் பாலத்தில் வடகரைக்குப் போய், தண்ணீரை ஒட்டியே மேலே அல்காஃப் பாலம் வரை நடந்து, அங்கே மறுகரைக்கு மாறித் திரும்பினால் சுமார் நான்கு கிலோமீட்டர். சமதளம். வாகனச் சாலைகளைப் பெரும்பாலும் பாலத்துக்கு அடியில் நுழைந்தே தாண்டிவிடலாம். என் வேகத்தில் ஒரு மணி நேரம். நண்பனின் அம்மாவுக்கு இரண்டு மணி நேரம், நடுவில் ஒரு தே ஓ, அதாவது பால் இல்லாத டீ. நடுவில் முடியாமல் போனால் கிளார்க் கீயில் ரயில் ஏறிவிடலாம். (புதிதாக வருபவர்கள் 'குவே' என்று படிப்பார்கள். இங்கே அது 'கீ', படகுத்துறை என்று அர்த்தம். நானும் முதல் மாதம் டாக்சிக்காரரிடம் குவே என்று சொல்லித் திருதிருவென்று விழித்தவன்தான்.)

காலையில் போனால் இந்த ஆற்றைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆறேமுக்காலுக்கு இன்னும் இருட்டு முழுதாகப் போயிருக்காது. ராபர்ட்சன் கீ பக்கம் ஒருநாள் கரைச் சுவரில் ஏதோ நாய்க்குட்டிகள் ஓடுவதாக நினைத்து நின்றேன். நீர்நாய்கள். ஒரு குடும்பமே. ஒன்று மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்ற சத்தம் பத்தடி தூரத்தில் நின்ற எனக்குக் கேட்டது, முறுக்குக் கடிப்பது போல. நகரத்தின் நட்டநடுவில், வங்கிக் கட்டடங்களிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்! இதே ஆறு 1970களில் நாறிக் கிடந்தது என்று அலுவலகத்தில் ஓய்வுபெறப் போகும் பெரியவர் ஒருவர் சொல்வார். மூக்கைப் பொத்திக்கொண்டு காட்டுவார். 1977-இல் தொடங்கிப் பத்து வருடம் சுத்தம் செய்தார்கள். 1983-இல் சரக்குப் படகுகளை எல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். 2008-இல் மெரினா அணை வந்தபின் கடல் ஏற்ற இறக்கமும் நின்றுபோனது. அதனால் இப்போது இது கறாராகச் சொன்னால் ஆறே அல்ல, நீர்த்தேக்கத்தின் ஒரு கை. ஓடாத தண்ணீர். எனக்கு அதில் லேசான வருத்தம் உண்டு. நீர்நாய்களுக்கு இல்லை.

வடகரையில் நம் ஆட்களுக்கென்று ஒரு இடம் இருக்கிறது. அதை மட்டும் தவறவிடக் கூடாது. ஆசிய நாகரிக அரும்பொருளகத்தை ஒட்டி, ஆற்றைப் பார்த்தபடி ஒரு வெண்கலச் சிலைத்தொகுதி: செட்டியாரில் தொடங்கி இன்றைய நிதித்துறைக்காரர்கள் வரை. எதிர்க்கரையில் கண்ணாடிக் கோபுரங்கள், இந்தப் பக்கம் வட்டிக்கணக்குப் போடும் செட்டியார். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது அவர்கள் தொழிலும் தங்கலும் நடத்திய கூடங்களில், பெட்டகத்தின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊருக்கே கடன் கொடுத்தவர்கள். 1859-இல் டேங்க் ரோட்டில் முருகன் கோவிலைக் கட்டியவர்களும் அவர்களே. இந்தச் சுற்றிலிருந்து கொஞ்சம் விலகி நடந்தால் அங்கே போய்விடலாம். படகுகளையும் நம்மவர்கள்தான் ஓட்டினார்கள். ஆரம்ப காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றியவர்களில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். 2019 ஜனவரியில், ராஃபிள்ஸ் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்திறங்கியதன் இருநூறாம் ஆண்டை ஒட்டி, ஆற்றங்கரையில் இருக்கும் அவரது வெள்ளைச் சிலைக்குப் பக்கத்தில் தற்காலிகமாக வேறு சிலரையும் நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் மாரியம்மன் கோவிலை எழுப்பிய நாராயண பிள்ளை. நான் அவர் முன் நின்று செல்ஃபி எடுத்தேன். ராஃபிள்ஸோடு ஒன்பது வருடத்தில் ஒன்றுகூட எடுத்ததில்லை.

அதே 2019 நவம்பரில் இன்னொரு நல்லது நடந்தது. மின் ஸ்கூட்டர்களை நடைபாதைகளில் தடை செய்தார்கள். அதற்கு முன்பு பின்னாலிருந்து 'விர்' என்று வரும்போதெல்லாம் உயிர் போய் வரும்.

அல்காஃப் பாலம், அந்தக் காலச் சரக்குப் படகான தொங்கானின் வடிவத்தில் இருக்கும். 2004-இல் பிலிப்பீன்ஸ் ஓவியர் பசிதா அபாத் ஐம்பத்தைந்து வண்ணங்களில் வட்டம் வட்டமாகத் தீட்டியது. சிலருக்குக் கண் கூசும். எனக்குப் பிடிக்கும், பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டில் பிள்ளைகள் மிச்ச வண்ணத்தை எல்லாம் கொட்டியது போல.

சரி, புகாருக்கு வருகிறேன்.

தென்கரையில் திரும்பி வரும்போது கடைசி அரை கிலோமீட்டர் போட் கீ. ஆறு அங்கேதான் அழகாக வளைகிறது. அந்த வளைவைக் கெண்டை மீனின் வயிறு என்பார்கள். செல்வம் தங்கும் இடம் என்று நம்பித்தான் சீன வணிகர்கள் வரிசையாகக் கடைவீடுகள் கட்டினார்கள். ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரைகள், பின்னால் வானளாவிகள், முன்னால் தண்ணீர். தபால் அட்டையில் வரும் சிங்கப்பூர் அதுதான். அந்தத் தண்ணீரைத்தான் பார்க்க முடியாது. ஒரு பக்கம் உணவகம், மறுபக்கம் ஆற்றோரம் முழுக்க அதே உணவகத்தின் மேசைகளும் குடைகளும். நடுவில் நடப்பவனுக்கு ஒரு சந்து. அந்தச் சந்தில் பத்தடிக்கு ஒருவர் மெனு அட்டையோடு. "சார், சில்லி கிராப்? ஃபிரெஷ் சார்." வேர்வை சொட்டச் சொட்ட, அரைக்கால் சட்டையோடு, தோளில் துண்டோடு வருகிறவன் நண்டு சாப்பிடவா வருகிறான்? ஒரு அட்டையைத் தாண்டினால் அடுத்த அட்டை. மொத்த நடையின் அமைதியும் அந்த ஐந்து நிமிடத்தில் போய்விடும். எதிர்த்திசையில் சுற்றினால் நடையே அட்டைகளோடு தொடங்கும். அதையும் ஒரு மாதம் செய்து பார்த்தேன். எரிச்சல் முன்கூட்டியே வந்ததுதான் மிச்சம்.

கேவனாக் பாலத்தின் முனையில் ஒரு பழைய அறிவிப்புப் பலகை உண்டு. மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேல், அதாவது சுமார் நூற்றைம்பது கிலோவுக்கு மேல், எடையுள்ள வண்டிகளும் எந்த மாடும் குதிரையும் பாலத்தில் வரக்கூடாது என்று. கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்த இரும்பால் கட்டிய பாலம், 1869-70-இல். அந்தக் காலத்திலேயே மாட்டையும் குதிரையையும் யோசித்தவர்கள் மெனு அட்டையை யோசிக்கவில்லை.

இதில் எனக்கு ஒரு சங்கடமும் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஊரிலிருந்து அம்மா வந்தபோது கூட்டிப்போனேன். ஒரு பையன் அட்டையை நீட்டினான். நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். அம்மா நின்றுவிட்டார். "நாங்க சைவம் தம்பி" என்றார், தமிழில். அவனும் தமிழில், "வெஜ்ஜும் இருக்கும்மா, உக்காருங்க" என்றான். பட்டுக்கோட்டைப் பக்கமாம். சாயங்காலம் தொடங்கினால் இரவு கடை மூடும்வரை நின்ற காலாம். அம்மா அவனிடம் பத்து நிமிடம் பேசினார், சாப்பிட்டாயா, அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறாயா என்று. நான் ஒரு குடையை முறைத்தபடி நின்றேன். அன்றிலிருந்து அவனுக்கு என்னைத் தெரியும். "அண்ணே, இன்னைக்கும் நடையா? அம்மா எப்படி இருக்காங்க?" என்பான். கேட்டுக்கொண்டே கை தானாக அட்டையைத் தூக்கும். பழக்கம். அவன் மேல் கோபப்பட முடியாமல் போனதில் எரிச்சல் இரண்டு மடங்காகிவிட்டது. முன்பாவது மனசாரத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

அதற்கப்புறம் எல்ஜின் பாலத்திலேயே மறுபடி வடகரைக்கு மாறி, போட் கீயைத் தொடாமல் சுற்றை முடிக்கிறேன், முக்கியமாக வெள்ளிக்கிழமை மாலைகளில். அங்கிருந்து பார்த்தால் கடைவீடுகள் மொத்தமாகத் தெரியும். தண்ணீரும் தெரியும். கெண்டையின் வயிற்றைப் பார்க்க எதிர்க்கரைதான் சரியான இடம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

இவ்வளவையும் அடித்து முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். நீர்நாய், செட்டியார், ஐம்பத்தைந்து வண்ணம் என்று பாதிக்கு மேல் பாராட்டுதான். ஆனால் அன்று மாலை எல்ஜின் பாலத்தில் திரும்ப மறந்து, ஏழு அட்டைகளைக் கடந்து வீட்டுக்கு வந்திருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "வேண்டாம்டா, அப்பா அம்மாவைப் பொட்டானிக் கார்டனுக்குக் கூட்டிட்டுப் போ. நிழல் இருக்கு, நுழைவுக் கட்டணம் இல்லை" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "சரிடா. ஆனா அம்மா ஆத்தங்கரையில உக்காந்து சாப்பிடணும்னு ஆசைப்படறாங்க. போட் கீன்னு ஏதோ இருக்காமே, அங்க சைவச் சாப்பாடு எப்படி?"

ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட அங்கே உட்கார்ந்ததில்லை. நாளைக்குப் பட்டுக்கோட்டைத் தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.