கேஸா, இண்டக்ஷனா, விறகா: தருமபுரிச் சமையலறைக் கணக்கு

கேஸ் விலை ஏறியதும் இண்டக்ஷன் அடுப்பு வாங்கினால் காசு மிச்சம் என்கிறார்கள் சிலர். மின்கட்டணம் வந்ததும் அதைப் பரணில் ஏற்றுகிறார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்த அளவுக்கு மின் அட்டையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அதில் அடங்கியிருக்கும் வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் அறுபது சதவீதம் போலத்தான் பாத்திரத்தில் ஏறுகிறது. மீதி பக்கவாட்டில் போய்ச் சமையலறையைச் சூடாக்குகிறது. இண்டக்ஷனில் எண்பத்தைந்து சதவீதம் வரை பாத்திரத்துக்கே போகும். ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்ஷன் சுமார் 125 யூனிட்டில் முடிக்கும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யூனிட் 7 ரூபாய்க்குக் கீழே கிடைக்கும்வரை மின்சாரம் லாபம். அதைத் தாண்டினால் கேஸ்.

நம் மாநிலத்தில் கட்டணம் படிப்படியாக ஏறுவதால் இங்கேதான் சிக்கல். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் நிர்ணயித்தபடி அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதன்பின் 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் 8 ரூபாய் படி தொடங்குவதோடு, அந்த 2.25 சலுகையும் பறிபோய் அதற்கும் 4.50 கட்டவேண்டும். 2024 ஜூலையில் இவை சற்றே ஏறின; தொகை கொஞ்சம் நகருமே தவிர முடிவு மாறாது.

நான்கு பேர் உள்ள வீட்டில் சிலிண்டர் 45 நாள் வந்தால், இரண்டு மாத கேஸ் செலவு 1,200 ரூபாய். அந்தச் சமையல் முழுவதையும் மின்சாரத்துக்கு மாற்றினால் கூடுதலாக 165 யூனிட் போல ஓடும். இதுவரை 220 யூனிட் எரித்த வீடு 385க்கு வரும். கூடுதல் கட்டணம் சுமார் 740 ரூபாய், மிச்சம் 460. ஏற்கெனவே 400 யூனிட் எரிக்கும் வீடு 565க்குப் போகும். கூடுதல் கட்டணம் 1,345 ரூபாய். கேஸே மலிவாக இருந்திருக்கும்! ஒரே அடுப்பு, ஒரே சோறு. ஒரு வீட்டுக்கு லாபம், பக்கத்து வீட்டுக்கு நஷ்டம்.

ஏழைக் குடும்பங்களுக்கான உஜ்வலா கேஸ் இணைப்பில் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் பெறுபவர்கள் இந்தத் தலைவலியில் இறங்கவே வேண்டாம். அவர்களுக்கு சிலிண்டர் 600 ரூபாய்தான். இண்டக்ஷன் மிச்சம் செய்து கொடுப்பது பெரும்பாலும் டீத்தூள் காசுதான்; அதற்காக அடுப்புக்கும் அடி தட்டையான பாத்திரங்களுக்கும் மூவாயிரம் ரூபாய் போடுவது வீண்.

இனி கேழ்வரகுக் களி. நம் பக்கத்தில் இதைப் பேசாமல் அடுப்பைப் பற்றிப் பேச முடியாது. 2023இல் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்துக்கு, நீலகிரியோடு தருமபுரியைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. ஆனால் நம் வீட்டு அலுமினியக் களிப்பானை சாதாரண இண்டக்ஷனில் சூடேறாது. காந்தம் ஒட்டும் பாத்திரமே வேண்டும். அப்படி ஒன்று வாங்கினாலும், துடுப்பைப் போட்டு முழுப் பலத்தோடு கிண்டும்போது அந்தக் கண்ணாடித் தட்டு தாங்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பானையைத் தரையில் இறக்கி வைத்துக் கிண்டும் வழக்கம் உள்ள வீடுகளுக்குப் பிரச்சினை இல்லை. அடுப்பின் மேலேயே கிண்டுபவர்கள் களிக்கு கேஸை வைத்துக்கொண்டு, சோறு, குழம்பு, பால், டீயை இண்டக்ஷனுக்கு விடலாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாளுக்கும் சிலிண்டர் வேண்டுமே. அவரை, மொச்சை, கொள்ளு ஆகியவற்றை எதில் வேகவைத்தாலும் இரவே ஊறப்போடுங்கள்.

விறகைச் சமையலறைக்குள் திரும்பக் கொண்டுவரச் சொல்லமாட்டேன். புகை நுரையீரலுக்குச் செய்யும் கேட்டை எந்த மிச்சமும் ஈடுகட்டாது. ஆனால் வாசலிலோ பின்கட்டிலோ திறந்த வெளியில் வெந்நீர் அடுப்பு போட இடமிருந்தால், அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்றக் குறைந்தது 0.35 யூனிட் தேவை. நான்கு பேர், அறுபது நாள் என்றால் 84 யூனிட்! இலவச நூறு யூனிட்டில் பெரும்பகுதியை கீசரே குடித்துவிடும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் வெந்நீர் இல்லாமல் குளிக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் கவாத்து செய்த கிளைகள், தென்னை மட்டை, புளியங்காய் ஓடு என்று எரிக்க ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். மாடிவீட்டு வாடகைக்காரர்களுக்கு இந்த வழி அடைபட்டதுதான்.

இண்டக்ஷன் வாங்கத் துணிபவர்கள் முதலில் கடைசி ஆறு மின்கட்டணங்களை எடுத்துப் பாருங்கள். எல்லாம் 300 யூனிட்டுக்குள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கோடையில் மட்டும் ஏறும் வீடு என்றால், கணக்கெடுத்த முப்பதாம் நாளில் நீங்களே மீட்டரைப் பாருங்கள். அதற்குள் ஓடியது 250 யூனிட்டை நெருங்கியிருந்தால், அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை இண்டக்ஷனைத் துணி போட்டு மூடிவிட்டு சிலிண்டரைத் திறந்துவிடுங்கள்.