எம்3, எம்6: ஃபோகஸ் துல்லியத்தில் எது முந்துகிறது?

50 மி.மீ. லென்ஸைத் துளை முழுக்கத் திறந்த நிலையிலேயே பெரும்பாலும் பயன்படுத்தும் எனக்கு, லைக்காவின் இந்த இரண்டு ஃபிலிம் கேமராக்களில் எம்3தான் பொருந்தியது. 1984இல் வந்த எம்6இல் ஒளிமானி உண்டு; 28, 35 மி.மீ. லென்ஸ்களில் படம் எதுவரை விழும் என்று காட்டும் சட்டகக் கோடுகளும் உண்டு. 1954இல் வந்த எம்3இல் இவை இல்லை. இவை கட்டாயம் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் எம்6 வாங்கலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது ரேஞ்ச்ஃபைண்டர்தான், அதாவது இரு சாளரங்கள் வழியே வரும் இரு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்யும் அமைப்பு. அதன் இரு சாளரங்களுக்கு இடையிலான தூரம் இரண்டு கேமராக்களிலும் ஏறத்தாழ 69 மி.மீ. என்றாலும், அதை, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கிப் பார்த்தால்தான் உண்மையான துல்லியம் விளங்கும். எம்3இன் 0.91 உருப்பெருக்கத்தில் அது சுமார் 63 மி.மீ.; வழக்கமான எம்6இன் 0.72இல் சுமார் 50 மி.மீ. மட்டுமே. எஃப்/1.4 துளை அளவில், ஒரு மீட்டர் தொலைவிலுள்ள முகத்தில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 3 செ.மீ. அளவுதான் என்பதால், இமை முடியின் இரு பிம்பங்களும் ஒன்றாகப் பொருந்தும் இடத்தை எம்3 ஐயமின்றிக் காட்டுவது பெரிய வேறுபாடு. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது எம்6இல் இரு பிம்பங்களும் தெரியும் நடுக்கட்டம் வெளுத்துப்போகும் தொல்லையும் எம்3இல் அவ்வளவாக இல்லை.

ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரின் சீரமைவு பிசகிய கேமராவில் 63 மி.மீ. இருந்தும் பயனில்லை. பிம்பங்கள் மேலும் கீழுமாக விலகியிருந்தால் பொருத்திப் பார்ப்பதுதான் கடினம், ஃபோகஸ் தவறாது. பக்கவாட்டு விலகல் அப்படியல்ல, அது படத்தையே கெடுக்கும். லென்ஸை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கான ஃபோகஸ் நிலையில்) நிறுத்தி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தின் இரு பிம்பங்களும் ஒன்றுகின்றனவா என முதலில் பார்க்க வேண்டும். பிறகு ஒரு மீட்டரில் சாய்த்து வைத்த அளவுகோலைப் படமெடுத்துச் சோதிக்க வேண்டும். லென்ஸ் வளையத்துக்குள் தெரியும் சிறு உருளையின் திருகைத் திருப்பினால் முடிவிலி சரியாகிவிடும். முடிவிலி சரியாக இருந்தும் அண்மையில் தவறினால், உருளையைத் தாங்கும் கையின் விகிதத்தையே மாற்ற வேண்டும். அதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது. இதையெல்லாம் இரண்டு லென்ஸ்களில் செய்து பார்க்காமல் கேமராவைக் குறைசொல்லக் கூடாது, ஏனெனில் பிழை லென்ஸிலும் இருக்கலாம்.

பராமரிப்பில் எம்6 முந்துகிறது என்பதை மறுக்க முடியாது. எம்3இன் ரேஞ்ச்ஃபைண்டரில் உள்ள ஒட்டப்பட்ட பட்டகங்கள் (ப்ரிஸம்கள்) வயதாலோ அடிபட்டோ பிரிந்தால் நடுக்கட்டம் மங்கும், சில வேளை மறைந்தேவிடும். மாற்றுவது செலவு மிக்க வேலை. ஆகவே பழைய எம்3ஐ வாங்குமுன் அந்தக் கட்டம் விளிம்பு கூர்மையாகவும் பளிச்சென்றும் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். 0.85 உருப்பெருக்கமுள்ள எம்6 கணக்குப்படி சுமார் 59 மி.மீ. தருவதால் இந்த இடைவெளியை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அதை நான் போதுமான அளவு பயன்படுத்தியதில்லை என்பதால், மேற்சொன்ன ஒப்பீடு 0.72 வகைக்கு மட்டுமே.