மரப்பட்டறையில் டஸ்ட் கலெக்டரும் ஸ்டாட்டிக் ஷாக்கும்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

மரத்தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் டஸ்ட் கலெக்டரின் குழாயைத் தொட்டால் ஸ்டாட்டிக் ஷாக், அதாவது உரசலில் உண்டாகும் மின்னேற்றம், சுர்ரென்று பிடிக்கிறது என்பதற்காகக் கலெக்டரையே அணைத்துவிட்டு வேலை பார்க்கிற பட்டறைகள் உண்டு. அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஷாக் ஒரு நொடியில் போய்விடும், நுரையீரலுக்குள் போன தூள் போகாது. அதனால் இந்த ஷாக்கை எப்படிக் குறைத்தோம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

கோவையில் எங்கள் பட்டறைக்கு 2019-ல் 2 எச்.பி. கலெக்டர் வாங்கினோம். மேலே துணிப்பை, கீழே பாலிதீன் பை. சுவரோரம் 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். பைப், அதாவது வீட்டுக் கழிவுநீருக்குப் போடுகிற அதே பி.வி.சி. குழாய். அங்கிருந்து டேபிள் சா (மேசை ரம்பம்), திக்னஸர் (பலகையைச் சீவி ஒரே கனமாக்கும் மிஷின்), பேண்ட் சா (பட்டை ரம்பம்) மூன்றுக்கும் ஃபிளெக்ஸ் ஹோஸ், அதாவது வளையும் குழாய். தேக்கும் வேம்பும் ஓடும், பிளைவுட்டும் எம்.டி.எஃப்.பும் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அதைவிட அதிகமாக ஓடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தொந்தரவும் இல்லை. தை பிறந்து காற்று காயத் தொடங்கியதும் ஆரம்பித்தது. “அண்ணா, பைப்புப் பக்கம் போனாலே கை முடி நட்டுக்குதுங்க” என்றார் சாண்டிங், அதாவது தேய்ப்பு வேலை, பார்க்கிற தம்பி. தேக்குச் சீவல் போகும்போது அவ்வளவாக இல்லை. எம்.டி.எஃப். சாண்டிங் தூள் போகும்போதுதான் அதிகம். தூள் நைஸாக நைஸாக, குழாய்ச் சுவரில் உரசும் பரப்பு கூடுகிறது. குழாய்க்குள் காற்று நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும், குறைந்தால் தூள் உள்ளேயே படியும். அந்த வேகத்தில் உரசி உண்டாகும் மின்னேற்றம் பி.வி.சி.யில் நகர வழியில்லாமல் உண்டான இடத்திலேயே நிற்கிறது. நைலான் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி தெறிக்குமே, அதே சங்கதிதான்.

குழாய்க்குள் தீப்பிடிக்குமா என்ற பயத்தைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். கையில் நாம் உணர்கிற ஷாக் 3,000 வோல்ட் வாக்கில் தொடங்குகிறது. உடம்பில் 10,000 வோல்ட் ஏறினாலும் அந்தப் பொறியின் ஆற்றல் பத்து மில்லிஜூலுக்குள்தான். மரத்தூள் பற்றிக்கொள்ளப் பொதுவாக அதைவிட அதிகம் வேண்டும். தூளும் கன மீட்டருக்கு 40, 50 கிராம் அளவுக்குக் காற்றில் நிறைந்திருக்க வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளி எரிகிற பல்பு கண்ணுக்குத் தெரியாத அளவு அடர்த்தி அது. சின்னப் பட்டறையின் நான்கு இஞ்சுக் குழாயில் ஸ்டாட்டிக்கால் வெடிப்பு வருவது அரிதிலும் அரிது என்பதே என் முடிவு. அதற்காகத் தூளை லேசாக எண்ணிவிடக் கூடாது. 2012-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பர்ன்ஸ் லேக்கிலும் பிரின்ஸ் ஜார்ஜிலும் இரண்டு மர ஆலைகள் மூன்று மாத இடைவெளியில் வெடித்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் இறந்தார்கள். கட்டடத்துக்குள் சேர்ந்திருந்த காய்ந்த தூள்தான் அங்கே எரிபொருள். உத்தரத்தின் மேலும் டியூப்லைட் பட்டியின் மேலும் படிகிற தூளைத் துடைப்பது எந்த எர்த் கம்பியையும்விட முக்கியம்.

ஸ்டாட்டிக்கில் என்னை உண்மையாகவே கவலைப்படுத்துவது வேறு. ஷாக் அடித்தால் கை தானாக இழுத்துக்கொள்ளும். அந்த நேரம் கை டேபிள் சா பிளேடுக்குப் பக்கத்தில் இருந்தால்? அதனால் ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் முழங்கையோ இடுப்போ ஹோஸில் உரசாதபடி, எல்லா ஹோஸையும் மிஷினின் பின்பக்கமாகத் திருப்பிவிட்டோம். இதற்குச் செலவே இல்லை. எல்லோரும் இன்றைக்கே செய்யலாம்.

செம்புக் கம்பிக்கு வருகிறேன். எலெக்ட்ரீஷியன் முதல் மழைக்காலம் முடிந்ததும் குழாயின் மேல் வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் கொடுத்தார். உள்ளேயும் ஒரு கம்பி இழுத்தார். உள்கம்பியில் திக்னஸர் சீவல் சிக்கி அடைத்துக்கொண்டதால் சீக்கிரமே எடுத்துவிட்டோம். வெளிக்கம்பி ஓரளவு பலன் தந்தது, கம்பியை ஒட்டிய இடத்தில் ஷாக் இல்லை. ஆனால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே கை வைத்தால் முடி நட்டுக்கொள்ளத்தான் செய்தது. பி.வி.சி. மின்சாரத்தைக் கடத்தாத பொருள், அதை எர்த் செய்யவே முடியாது. கம்பி தன் பக்கத்தில் இருப்பதை மட்டும் இறக்கிவிடும். கை படுகிற உயரத்தில் குழாய் இருந்தால் கம்பி சுற்றுவது தகும். எட்டாத உயரத்தில் போகிற குழாய்க்கு அது வீண் வேலை.

கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தந்தது ஹோஸ்தான். உள்ளே ஸ்டீல் கம்பிச் சுருள் இருக்கிற ஹோஸாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவானவற்றில் சுருளே பிளாஸ்டிக்காக இருக்கும். இரண்டு முனையிலும் இரண்டு இஞ்சு அளவுக்குப் பிளாஸ்டிக்கைச் சீவி, கம்பியை வெளியே எடுத்து, லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டு மிஷின் பாடியில் ஸ்க்ரூவால் முடுக்கினோம். பெயிண்டுக்கு மேல் முடுக்கினால் பயனில்லை, சுரண்டிவிட்டுத்தான் முடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பிளாஸ்ட் கேட் (குழாயைத் திறந்து மூடும் தகடு) வருகிற இடத்தில் தொடர்பு அறுந்துவிடும், அங்கே இரண்டு பக்கத்தையும் சேர்க்க ஒரு ஜம்பர் வயர். பிறகு மல்டிமீட்டரில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓம்ஸ் பார்ப்போம். ஸ்டாட்டிக் இறங்குவதற்கு ஒரு மெகா ஓம் வரைக்கும்கூடப் போதும். ஆனால் இரும்போடு இரும்பு சேர்ந்த இணைப்பு பத்து ஓமுக்குள் வரவில்லையென்றால் ஏதோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதோடு மிஷின் பிளக்கின் மூன்றாவது பின்னுக்கு உண்மையிலேயே எர்த் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோனால் ஸ்டாட்டிக்குக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மோட்டாரில் லீக்கேஜ் வந்தால் அது உயிர்ப் பிரச்சினை. குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

2021-ல் மெயின் லைனை ஜி.ஐ. டக்டாக, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுக் குழாயாக, மாற்றினோம். கோவையில் ஷீட் மெட்டல் வேலைக்கு ஆள் கிடைப்பது சுலபம். செலவு பி.வி.சி.யைவிட நிச்சயமாக அதிகம், ஆனால் மெயின் லைனில் ஷாக் என்ற பேச்சே அதன்பிறகு இல்லை. மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைப்பில் சிலிக்கான் பூசினாலோ ஃபிளாஞ்சுக்கு நடுவே ரப்பர் கேஸ்கெட் வைத்தாலோ இரண்டு துண்டும் மின்சாரத்துக்குத் தனித்தனியாகிவிடும். ஒவ்வொரு இணைப்பிலும் செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ போட்டு இரும்போடு இரும்பைச் சேர்க்க வேண்டும்.

மிச்சமிருந்தது பாலிதீன் பை. நிறைந்த பையைக் கழற்றும்போதெல்லாம் படபடவென்று பிடிக்கும், தூள் பையோடும் கையோடும் ஒட்டும். கலெக்டருக்கு முன்னால் சைக்ளோன் மூடியோடு (காற்றைச் சுழற்றித் தூளைக் கீழே விழவைக்கும் மூடி) ஒரு இரும்பு டிரம் வைத்து அதையும் எர்த் செய்தோம். தூளில் பெரும்பகுதி அங்கேயே விழுந்துவிடுவதால் பையைக் கழற்றுகிற வேலையே குறைந்துவிட்டது. தரையைப் பெருக்கக் கலெக்டர் ஹோஸை யாரும் எடுக்கக் கூடாது என்பது எங்கள் பட்டறையில் கண்டிப்பான விதி. ஒரு ஆணி உள்ளே போய் இம்பெல்லரில் (கலெக்டருக்குள் காற்றை இழுக்கும் விசிறி) அடித்துப் பறக்கிற பொறி, சூடாகவே பைக்குள் விழுந்து மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஸ்டாட்டிக்கைவிட நான் பயப்படுவது இதற்குத்தான். சாயங்காலம் டிரம்மைக் காலி செய்து வெளியே கொட்டாமல் ஷட்டரை இறக்குவதில்லை.

ஆன்டி ஸ்டாட்டிக் ஸ்பிரே சில நாளில் போய்விடுகிறது, உள்ளே ஓடுகிற தூளே அதை அரித்துவிடும். தரையில் தண்ணீர் தெளித்தால் ஷாக் குறையும் என்பது உண்மைதான், ஆனால் மிஷின் மேசையில் துரு ஏறும், காயவைத்த பலகை ஈரம் இழுக்கும். இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினி வழி மரம் வெட்டும் சி.என்.சி. ரௌட்டர் வைத்திருப்பவர்கள், பாதி வெட்டில் கன்ட்ரோலர் காரணமில்லாமல் நின்றால், அதற்கும் ஸ்டாட்டிக் காரணமாக இருக்கலாம் என்பதால், ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் தலை) பக்கத்து ஹோஸின் கம்பி ஃபிரேமோடு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கையில் பணம் குறைவென்றால் ஸ்டீல் சுருள் ஹோஸையும் லக்கையும் முதலில் வாங்குங்கள், டிரம் அடுத்து. இருக்கிற பி.வி.சி. குழாயைத் தலைக்கு மேலே ஏற்றிக் கட்டி அப்படியே ஓட்டலாம், ஜி.ஐ. டக்ட் பிறகு வரட்டும்.