எம்பிஎஸ்-அசென்ட் ஆய்வு உதவித்தொகை: விண்ணப்பிக்குமுன் பார்க்க வேண்டியவை

கணிதம், இயற்பியல், வேதியியல், வானியல், பொருளறிவியலில் முனைவர் பட்டம் முடித்தவர்களுக்காக அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2021ல் கொண்டுவந்த திட்டம் இது. ஆண்டுக்கு 100,000 அமெரிக்க டாலர் வரை, அதிகபட்சம் மூன்று ஆண்டு. இத்துறைகளில் குறைவாக இடம்பெற்றுள்ள பிரிவினரை உள்ளே கொண்டுவர என்ன செய்வீர்கள் என்பதையும் ஆய்வுத் திட்டத்தோடு சேர்த்து எடைபோடும் விதமாக இதை அமைத்தார்கள். இதற்காகவே இத்திட்டம் பாராட்டுக்குரியது.

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாவிட்டால் விண்ணப்பிக்க வழியில்லை. சிங்கப்பூர் நிரந்தரவாசமும் இபாஸ் எனும் வேலை அனுமதியும் இதற்கு உதவாது. இந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்பதையும் அறக்கட்டளையின் தளத்தில் முதலில் பாருங்கள். விதிகள் மாறும், திட்டமே நிறுத்தப்படுவதும் உண்டு.

பலர் சறுக்குவது, குறைவாக இடம்பெற்றோரை எப்படி உள்ளே கொண்டுவருவீர்கள் என்று சொல்லும் பங்கேற்புத் திட்டத்தில்தான். ‘பின்தங்கிய மாணவர்களுக்குக் கணிதப் பட்டறை நடத்துவேன்’ என்பது எடுபடாது. எந்தக் கல்லூரி, மாணவர்கள் எந்தப் பாடத்தில் கழன்றுகொள்கிறார்கள், அங்கே உங்களோடு சேர்ந்து நடத்த இசைந்தவர் யார், கடைசியில் எதை அளப்பீர்கள் என்று எழுத வேண்டும். நுண்கணிதத்தின் இரண்டாம் பாடமான கால்குலஸ் 2 தேறாமல் இயற்பியலைக் கைவிடும் சமூகக் கல்லூரி (ஈராண்டுக் கல்லூரி) மாணவர்களை எடுத்துக்கொள்வோம். 8 பேர் குழு, வாரம் 2 மணி நேரம், அடுத்த பருவத்தில் எத்தனை பேர் மேற்பாடத்துக்குப் பதிந்தார்கள் என்ற கணக்கு. இந்த அளவுக்கு இறங்கினால்தான் நம்பிக்கை வரும்.

சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) துணைப்பாட வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தால் தயங்காமல் எழுதுங்கள். ஆனால் சிண்டா என்றால் என்னவென்று அமெரிக்க மதிப்பீட்டாளருக்குத் தெரியாது; ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். எந்த நிலைப் பிள்ளைகள், எங்கே தடுமாறினார்கள், பாடம் நடத்தும் முறையில் எதை மாற்றினீர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

தாள்வேலை கறாரானது. ஒரு பக்கச் சுருக்கத்தில் பொதுவிளக்கம், அறிவுசார் தகுதி (ஆய்வு அறிவை எப்படி வளர்க்கும்), பரந்த தாக்கம் (சமூகத்துக்கு என்ன பயன்) மூன்றும் தனித்தனியே இல்லையென்றால் படிக்காமலேயே திருப்பிவிடலாம். தன்விவரக் குறிப்பை 2023 அக்டோபர் முதல் சயன்சிவி எனும் தன்விவரத் தயாரிப்புத் தளத்தில்தான் தயாரிக்க வேண்டும். வேர்டில் அடித்தது செல்லாது.

பண விஷயத்தில் கவனம் தேவை. தொகை பல்கலைக்கழகம் வழியாகப் போகாமல் நேரே உங்கள் கணக்குக்கு வரும். இது சம்பளம் இல்லை என்பதால் வரி பிடிக்கமாட்டார்கள். உத்தேச வருமான வரிக்கான 1040-இஎஸ் படிவத்தின்படி ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15ஆம் தேதிகளில் நீங்களே கட்ட வேண்டும்; விட்டால் அபராதம். சிங்கப்பூரில் 55 வயதுக்குட்பட்ட குடிமக்களுக்கு முதலாளி போடும் 17% மத்திய சேமநிதி போன்ற ஏற்பாடும் கிடையாது. இங்குள்ள சம்பளத்தோடு ஒப்பிடும்போது அந்தச் சேமநிதியையும் சம்பளத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஊழியராகக் கணக்கில் வராததால் மருத்துவக் காப்புறுதியும் சிக்கலாகலாம். உதவித்தொகை பெறுபவரை ஊழியர் காப்புறுதியில் சேர்ப்பார்களா, மாதம் எவ்வளவு ஆகும் என்று வழிகாட்டிப் பேராசிரியரின் துறை அலுவலகத்திடம் விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.