கத்திரி வெயிலில் நின்றுபோகும் டேஷ் கேமரா: மூன்று வருட அனுபவம்

2023 மே மாதம், ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் வேலை முடிந்து காரை எடுக்கப் போனால் பின் பம்பரின் இடது மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். பக்கத்தில் நின்ற ஏதோ வண்டி திரும்பும்போது உரசிவிட்டுப் போயிருக்கிறது. வயிறு எரிந்தது. ஆனாலும் கண்ணாடியில் ஒட்டி, வண்டியைச் சுற்றி நடப்பதைப் பதிவு செய்கிற டேஷ் கேமரா இருக்கிறதே என்று ஒரு தைரியம். வீட்டுக்கு வந்ததும் மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டேன். காலையில் பதிவான கடைசி வீடியோ 11:38. அடுத்தது மாலை 5:52, நான் சாவி போட்டதும் தொடங்கியது. நடுவில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஒன்றுமே இல்லை.

எதற்காகக் காசு கொடுத்து வாங்கினேனோ அந்த ஒரு வேலையை அது செய்யவில்லை. அதன் பிறகு இரண்டு கோடை, ஒரு கேமரா மாற்றம், ஒரு கார்டு மாற்றம் என்று அலைந்துதான் விஷயம் பிடிபட்டது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் வெட்டவெளியில் கார் நிறுத்துகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரியில், நூறடிச் சாலைப் பக்கம். காலையில் முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் போய் ஒன்பதேகால் வாக்கில் ஒரு காலி மனையில் வண்டியை நிறுத்தினால் மாலைதான் எடுப்பேன். அந்த மனையில் ஒரு முருங்கை மரம்கூடக் கிடையாது. வீட்டுத் தெருவிலும் 2011 டிசம்பரில் தானே புயல் சாய்த்துவிட்டுப் போன வேப்பமரங்களுக்குப் பிறகு சொல்லிக்கொள்கிற மாதிரி நிழல் இல்லை. அதாவது என் வண்டிக்கு வாரத்தில் ஏழு நாளும் வெயில்தான்.

கேமராவை 2022 மார்ச்சில் வாங்கியிருந்தேன். முன்னால் ஒன்று, பின் கண்ணாடியில் ஒன்று. இன்ஜின் அணைந்த பிறகும் ஓட வேண்டும் என்பதற்காக ஃபியூஸ் பாக்ஸிலிருந்து நேராக வயர் இழுத்திருந்தேன். மஞ்சள் வயர் எப்போதும் கரன்ட் வரும் இடத்துக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் இடத்துக்கு, கறுப்பு எர்த்துக்கு. வெயில் காலம், மதியம் நெருங்கும் நேரம், கேமரா நின்றிருக்கிறது. சூட்டில்தான் நின்றது என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவுக்கு ஆதாரமும் உடனே கிடைத்தது. கேமராவைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தபோது பின்பக்கத் திரை ஒரு ஓரத்தில் மேலே எழும்பியிருந்தது. நகத்தை உள்ளே விடும் அளவுக்கு இடைவெளி. மேஜையில் வைத்தால் தட்டையாக உட்காராமல் லேசாக ஆடியது. உள்ளே இருந்த லித்தியம் பேட்டரி உப்பிவிட்டது. பொதுவாக லித்தியம் அயான் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, 60 டிகிரிக்கு மேல் பயன்படுத்தவும் கூடாது. நம் ஊர்க் கார் கண்ணாடியில் ஒட்டிய பொருளுக்கு அதெல்லாம் காலை பத்து மணிச் சூடு. உங்கள் கேமராவும் இப்படி உப்பியிருந்தால் அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள், காரில் விட்டும் வைக்காதீர்கள். உடனே வெளியே எடுத்துவிடுங்கள். தீப்பிடிக்கக் கூடிய பொருள் அது.

எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்ளாமல் விட மனசு வரவில்லை. கொரோனா காலத்து நெற்றித் தெர்மாமீட்டர் நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே கைவிட்டுவிடும். சிப்காட்டில் மெயின்டனன்ஸ் வேலையில் இருக்கும் நண்பர் தொழிற்சாலையில் பயன்படுத்தும் இன்ஃப்ராரெட் கன் ஒன்றைக் கொடுத்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று அடித்தால் அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும், கதவைத் திறந்து உள்ளே நீட்டித்தான் பார்க்க வேண்டும். மதியம் ஒன்றரைக்கு டேஷ்போர்டு 70 டிகிரி, கேமராவின் முதுகு 66. அமெரிக்காவில் அரிசோனாவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையேதான் சொல்கிறது: வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரியைத் தொட்டது, நிழலில் நின்றவற்றில் 48 டிகிரிதான். இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம்!

சரி, பேட்டரியே இல்லாத கேமரா வாங்குவோம் என்று அந்த ஜூன் மாதமே சூப்பர் கெபாசிட்டர் வைத்த மாடலுக்கு மாறினேன். கெபாசிட்டர் கேமராவை ஓட்டாது. கரன்ட் போனதும், ஓடிக்கொண்டிருந்த ஃபைலை ஒழுங்காக மூடிவைக்கிற சில நொடிகளுக்கு மட்டும் தாக்குப்பிடிக்கும். சூட்டை லித்தியத்தைவிட நன்றாகத் தாங்கும். நம் பக்கம் வெளியில் நிறுத்துகிற காருக்கு உள்ளே பேட்டரி இருக்கும் கேமராவை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்கவே வாங்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் புதுக் கேமராவும் நின்றது. ஜூலையில் நின்றது, செப்டம்பரில் நின்றது. அப்போதும் வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் ஒரு நாள் காலையிலிருந்து விடாத மழை. வண்டி நனைந்துகொண்டு நிற்கிறது, உள்ளே கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. அன்றைக்கும் 11:40-க்கு கேமரா நின்றுவிட்டது.

அன்றிரவு உட்கார்ந்து பழைய வீடியோக்களின் நேரத்தை ஒரு நோட்டில் எழுதினேன். வண்டி நிறுத்திய நேரம் ஒரு பக்கம், கடைசி வீடியோ முடிந்த நேரம் ஒரு பக்கம். மே மாதம், டிசம்பர் மாதம், கடலூரில் வீட்டு வாசலில் ராத்திரி நிறுத்தியது, எதை எடுத்தாலும் இரண்டேகால் மணி நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள்தான் நின்றிருந்தது. பம்பர் உரசப்பட்ட அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். பேட்டரி உப்பியது உண்மை, அது வேறு விஷயம். அன்றைக்குக் கேமராவை நிறுத்தியது சூடே இல்லை.

எனக்குத் தெரிந்து இந்தச் சிக்கலில் முக்கியமான வேலை இந்த நோட்டு எழுதுகிற வேலைதான். சூட்டில் நிற்கும் கேமரா வெயிலோடு சேர்ந்து இடம் மாறும். மேகம் போட்ட நாளில் நிற்காது, நிழலில் நிற்காது, ராத்திரி நிற்கவே நிற்காது. வோல்டேஜ் குறைந்து நிற்பது, வண்டியை அணைத்ததிலிருந்து ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நிற்கும். கார்டு கெட்டால் கணக்கே கிடையாது, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நிற்கும், கடைசி ஃபைல் திறக்காது, அல்லது 0 கேபி என்று காட்டும். தேதி திடீரென்று ஏதோ ஒரு ஜனவரி 1-க்குப் போயிருந்தால் உள்ளே இருக்கும் பேட்டரி செத்துவிட்டது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இதைப் பார்க்காமல் கேமராவை மாற்றினால் நான் செலவழித்த மாதிரிதான் செலவழிக்க வேண்டியிருக்கும்.

நெல்லிக்குப்பம் சாலையில் ஒரு வண்டி எலக்ட்ரீஷியன் அண்ணன் இருக்கிறார். நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, மல்டிமீட்டரை எடுத்தார். கார் பேட்டரி முனையில் வைத்தால் 12.6 வோல்ட். உள்ளே குனிந்து கேமராவின் வயர் வரும் இடத்தில் வைத்தால் 12.3.

"எர்த்து எங்க குடுத்திருக்கு தம்பி?"

டிரைவர் காலுக்குப் பக்கத்தில், ஓரத்துப் பிளாஸ்டிக்குக்குள்ளே இருக்கும் ஒரு போல்ட்டைக் காட்டினேன். டார்ச் அடித்தார். வளையத்தைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துரு, அதன் மேல் வெள்ளையாகப் பொடி. "கடல் காத்து தம்பி. பாண்டிக்கும் கடலூருக்கும் ஓடுற வண்டி வேற எப்படி இருக்கும்?" என்றார். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வளையத்தை மாற்றி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். திரும்ப மீட்டர் வைத்தபோது அங்கேயும் 12.6.

விஷயம் இதுதான். கார் பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக, வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் கேமராவை நிறுத்திவிடும் ஏற்பாடு, ஃபியூஸ் பாக்ஸிலிருந்து வயர் இழுக்கப் போட்ட வயரிங் கிட்டில் இருக்கிறது. என்னுடையது 12.4-ல் வைக்கப்பட்டிருந்தது, நான் அதைத் தொட்டதே இல்லை. இன்ஜின் அணைத்த புதிதில் பேட்டரி கொஞ்சம் தூக்கலாகவே காட்டும், இரண்டு மணி நேரத்தில் அடங்கி 12.6 பக்கம் வந்துவிடும். துருப்பிடித்த எர்த் வழியாகக் கிட்டுக்குத் தெரிவது 12.3. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுகிறது. எர்த்தைச் சரிசெய்துவிட்டு அளவை 12.0-க்கு இறக்கினோம். 11.8 வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு தூரம் அடிக்கடி இறங்கவிட்டால் பேட்டரியின் ஆயுசு குறைந்துவிடும். என் கேமரா நின்றபடி இழுப்பது 0.3 ஆம்பியர் அளவுதான், எட்டு மணி நேரத்துக்கு இரண்டரை ஆம்பியர்-ஹவர் (Ah) கூட ஆகாது. நல்ல நிலையில் இருக்கும் 35 ஆம்பியர்-ஹவர் கார் பேட்டரிக்கு அது பெரிய சுமை இல்லை.

அதன் பிறகு ஏப்ரல்வரை ஒரு நாள்கூட நிற்கவில்லை. 2024 மே மாதம் கத்திரி தொடங்கியது, நிஜமான சூட்டுப் பிரச்சினை அப்போதுதான் தலைகாட்டியது. பன்னிரண்டரை, பன்னிரண்டே முக்கால் வாக்கில் நிற்கும், ஆறியதும் தானாகவே எழுந்துகொள்ளும். மேகம் போட்ட நாளில் நிற்காது. இந்த முறை சந்தேகமே இல்லை.

முதலில் செய்தது, வெள்ளி நிறத்தில் மடித்து வைக்கிற சன் ஷேட் வாங்கி முன் கண்ணாடி முழுக்க விரித்தது. கேமரா இன்னும் சீக்கிரமாக நின்றது! யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. கேமரா கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, ஷேட் அதற்குப் பின்னால் விரிகிறது. வெயிலுக்கும் வெள்ளித் தாளுக்கும் நடுவில் கேமரா மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வாங்குகிறது. நண்பரின் கன் கேமராவின் முதுகில் 72 காட்டியது. கேமரா இருக்கும் இடத்தில் ஷேட்டை ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, அதன் முதுகு கார் உள்பக்கமாகத் திறந்திருக்கும்படி விட்டேன். டேஷ்போர்டு மட்டும் மூடியிருந்தால் உள்ளே இருக்கும் மொத்தச் சூடும் குறைகிறது, கேமராவும் மூச்சுவிடுகிறது. அதே மதிய நேரத்தில் 59.

அடுத்தது வண்டியின் முகம். அந்த மனையில் நான் எப்போதும் கிழக்கு பார்த்துத்தான் நிறுத்துவேன், வெளியே எடுக்கச் சுலபம். காலை ஒன்பதிலிருந்தே வெயில் நேராக முன் கண்ணாடியில் அடிக்கும். மேற்கு பார்த்து நிறுத்தத் தொடங்கினேன். காலை வெயில் பின்பக்கம் போய்விடுகிறது. மதியத்துக்கு மேல் முன்பக்கம் வரும்போது கடல்காற்று தொடங்கிவிடுகிறது, மூன்று மணி வாக்கில் மேற்கே இருக்கும் மாடிக் கட்டடத்தின் நிழல் வந்து மூடிவிடுகிறது. உங்கள் இடத்தில் நிழல் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். காசே செலவில்லாத மாற்றம் இது.

செட்டிங்கில் செய்தவை சின்ன விஷயங்கள். வைஃபையை அணைத்தேன். வண்டி நிற்கும்போது மட்டும் 4கே வேண்டாம் என்று குறைந்த தரத்தில் வைத்தேன். அசைவைப் பார்த்துப் பதிவாகிற முறையை விட்டுவிட்டேன், தெருவில் போகிற ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் விழித்துக்கொண்டு விடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அதிர்ச்சி பட்டால் மட்டும் பூட்டிவைக்கும் உணர்வையும் நடுத்தரத்துக்குக் குறைத்தேன். அது அதிகமாக இருந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ஃபைல் பூட்டப்பட்டு, அழிக்க முடியாமல் கார்டு நிறைந்துவிடும்.

கார்டு என்னைப் படுத்தியது அந்த ஆகஸ்ட்டில். போனுக்கு வாங்கிய சாதாரண கார்டையே போட்டிருந்தேன். ஒரு நாள் பச்சை விளக்கு எரிகிறது, திரையில் நேரம் ஓடுகிறது, ஆனால் மூன்று நாள் வீடியோ பதிவாகவே இல்லை. விடாமல் எழுதி அழித்து எழுதுகிற வேலைக்கென்றே ஹை என்டூரன்ஸ் என்று போட்ட கார்டுகள் வருகின்றன, அதைத்தான் வாங்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிடுகிறேன். அதோடு வாரத்துக்கு ஒருமுறை கார்டைத் திறந்து, முந்தின நாள் மதிய வீடியோ ஒன்றை ஓட்டிப் பார்க்கிறேன். விளக்கு எரிவதை நம்பக் கூடாது.

2025 கத்திரி முழுக்க நோட்டில் குறித்துவைத்தேன். மொத்தம் நான்கு நாள்தான் நின்றது, நீண்ட இடைவெளி ஒன்றரை மணி நேரம். மற்ற நாளெல்லாம் காலை முதல் மாலைவரை முழுசாக இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய பொருள் இதற்கு மேல் தாங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நிழல் கிடைத்தால் அதையும் தாங்கும்.

பின் கேமரா மட்டும் இப்போது வேறு மாதிரி படுத்துகிறது. டிக்கியை வேகமாக மூடினால் படம் போய்விட்டு வருகிறது. கீலுக்குள் மடிந்து மடிந்து வயர் விட்டுப்போயிருக்க வேண்டும், அல்லது அங்கேயும் அந்த வெள்ளைப் பொடிதான். ஐப்பசி மழைக்கு முன்னால் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.