ஞாயித்துக்கெழமை தலைவலியும் ஆறு இன்ச் டக்ட் ஃபேனும் – கார் ஷெட் புகைக்கு போட்ட செட்டப், எட்டு மாச ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இது ஓசில வாங்கி எழுதற ரிவ்யூ இல்ல, என் காசு. பிராண்டு பேரு போடல, ஏன்னா இதே ஃபேன் நாலஞ்சு பேர்ல வேற வேற டப்பால வருது, போட்டோவ பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாலே அதே மோல்டுன்னு தெரியும். நான் வாங்குனது ஆறு இன்ச் இன்லைன் டக்ட் ஃபேன் (புகைக்குழாய்க்கு நடுவுல மாட்டற ஃபேன்), கூட ஒரு ரெகுலேட்டர், மூணு மீட்டர் அலுமினிய ஃபாயில் ஹோஸ், ரெண்டு க்ளாம்ப், வெளிச்சுவத்துக்கு ஒரு மூடி. எல்லாம் சேத்து ஒரே கிட், 4,600 ரூபா ஆச்சு.

எதுக்கு இதெல்லாம்னு கேப்பீங்க. கோயமுத்தூர்ல வீடு, முன்னாடி கார் ஷெட், 18 அடிக்கு 10 அடி, ஒசரம் 9 அடி, ஒரு பக்கம் ஷட்டரு, இன்னொரு பக்கம் நேரா அடுப்படிக்குப் போற கதவு. கார் ரோட்லதான் நிக்குது, ஷெட்டுக்குள்ள குடியிருக்கறது அப்பாவோட பழைய 350 புல்லட்டும் நான் வாங்கி மூணு வருஷமா நோண்டிட்டிருக்கற ஒரு ஆர்எக்ஸ் 100-ம். ஞாயித்துக்கெழமை ஆனா போதும், கார்புரேட்டர் ட்யூனிங், ஐடிலிங் செட் பண்றது, டைமிங் பாக்கறதுன்னு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு கீழ உக்காந்துருவேன். சந்து சின்னது, எதுத்தாப்ல கைக்கொழந்த இருக்கற வீடு, சத்தம் போகக்கூடாதுன்னு ஷட்டர முக்கால்வாசி எறக்கி விட்டுட்டுதான் வேலை.

சாயந்திரம் ஆனா தலை விண்ணு விண்ணுன்னு வலிக்கும், கொமட்டும், காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இருக்காது, படுத்தா செத்த மாதிரி தூக்கம். வெயிலுன்னு நெனச்சேன், கண்ணாடி பவர் மாறிருச்சோன்னு டெஸ்ட் கூட பண்ணிப் பாத்துட்டேன். என் சம்சாரம்தான் ஒருநாள் கேட்டா, "ஏனுங்க, உங்களுக்கு ஞாயித்துக்கெழமை மட்டும் எப்படிங்க தலை வலிக்குது?" அப்பதான் பொறி தட்டுச்சு, வண்டிப் புகை!

உக்காந்து ஒரு மனக்கணக்கு போட்டுப் பாத்தேன், போட்டதுக்கப்புறம் நெஞ்சு கொஞ்சம் படபடன்னு ஆயிருச்சு. 2000 ஏப்ரலுக்கு முன்னாடி தயாரிச்ச டூவீலருக்கு பியூசி டெஸ்ட்ல கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரைக்கும் பாஸ். 4.5 சதவீதம்னா 45,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 45,000 பங்கு. அதாவது "பாஸ்" ஆன வண்டியே அவ்வளவு விடலாம். புல்லட்டோட 346 சிசி இஞ்சின் ஐடிலிங்ல நிமிஷத்துக்கு சுமாரா 60 லிட்டர் புகை தள்ளுதுன்னு வெச்சுக்கங்க, அதுல 2.7 லிட்டர் வெறும் மோனாக்சைடு. என் ஷெட்டோட மொத்தக் காத்து 46,000 லிட்டர். வகுத்துப் பாத்தா நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 59 பிபிஎம் ஏறுது. அமெரிக்காவுல தொழிற்சாலைல எட்டு மணி நேரத்துக்கு சராசரியா 50-க்கு மேல இருக்கக்கூடாதுங்கறது சட்டம், 200-ஐ ஒரு நிமிஷம் கூட தாண்டக்கூடாதுன்னு அவங்க ஆராய்ச்சி நிறுவனம் சொல்லுது. மூடுன ஷெட்டுல நாம மூணரை நிமிஷத்துல அங்க போயிடறோம். நான் கால் மணி நேரம் உக்காந்திருக்கேன்! ஷட்டர் கீழ கொஞ்சம் தொறந்திருந்த புண்ணியம், இன்னிக்கி இத டைப் பண்ணிட்டிருக்கேன்.

இந்த மோனாக்சைடு கேஸுக்கு வாசமும் கெடையாது, நெறமும் கெடையாது. ரத்தத்துல ஆக்சிஜனத் தூக்கிட்டுப் போற ஹீமோகுளோபின்ல ஆக்சிஜனவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும், சீக்கிரத்துல விடாது. கொடைக்கானல்ல குளிருக்கு கரி அடுப்ப ரூமுக்குள்ள வெச்சுட்டுத் தூங்கி எந்திரிக்காமப் போனவங்க சேதி அப்பப்ப பேப்பர்ல வருமே, அதே கேஸுதான்.

சரி கதைக்கு வரேன். மொதல்ல நான் பண்ணுனது எல்லாரும் பண்றதுதான், சுவத்துல மேல ஒம்போது இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு மாட்டுனேன், அடுப்படில மாட்டுவமே அதே. 1,400 ரூபா. புகை வாசம் கொறஞ்சுது, ஆஹான்னு இருந்துச்சு. ஆனா மோனாக்சைடு அளக்கற கை மீட்டர் ஒண்ணு கடன் வாங்கி வெச்சுப் பாத்தா ஷட்டர் எறக்கி பத்து நிமிஷத்துல 160 காட்டுது. ஃபேன் நல்லாத்தான் சுத்துது. அப்புறம்தான் வெளங்குச்சு, உள்ள காத்து வர வழியே இல்லாம வெளிய எப்படிங்க தள்ளும்? பாட்டில் வாய கடிச்சுட்டு உறியற மாதிரிதான். ஷட்டர ஒரு அடி தூக்குனா ரீடிங் எறங்குச்சு, ஆனாலும் நான் உக்காந்திருக்கற எடத்துல 70, 80-ன்னு நிக்குது, ஏன்னா சைலன்சர் கீழ இருக்கு, ஃபேன் மேல இருக்கு, நடுவுல என் மூஞ்சி இருக்கு. புகை ஃபேனுக்குப் போறதுக்கு முன்னாடி என்னைப் பாத்துட்டுதான் போகுது. அறை முழுக்கப் பரவ விட்டுட்டு தொரத்திப் பிடிக்கறது வேலைக்காவாது, சைலன்சர் வாய்லயே பிடிக்கணும்னு அன்னிக்கிதான் முடிவு பண்ணேன். பெரிய ஒர்க்‌ஷாப்ல மேல இருந்து ஹோஸ் தொங்குமே, அதான் கான்செப்ட்.

கிட் வந்துச்சு. சுவத்துல ஓட்டை போட கோர் கட்டிங் ஆளக் கூப்ட்டேன், ஒம்போது இன்ச் செங்கச் சுவரு, இருவது நிமிஷத்துல வெண்ணெய் மாதிரி வெட்டிக் குடுத்துட்டு 900 வாங்கிட்டுப் போனாரு. ஓட்டைய எங்க போடறதுங்கறதுதான் பெரிய ரோதனை. பக்கச் சந்துல போட்டிருந்தா ஹோஸ் நேரா ரெண்டு மீட்டர்ல முடிஞ்சிருக்கும், ஆனா அங்க பக்கத்து வீட்டு அக்காவோட பெட்ரூம் ஜன்னல். "தம்பி, உங்க புகைய எங்க வூட்டுக்கு அனுப்பறீங்களா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடியே நானே மனசு மாறி ரோட்டுப் பக்கம், எட்டடி ஒசரத்துல போட்டேன். அதுக்கு ஒரு வளைவு வந்துருச்சு, ஒவ்வொரு வளைவுக்கும் ஃபேனோட இழுவை கொறையும், ஃபாயில் ஹோஸ் சுருங்கி மடிப்பு மடிப்பா இருந்தா இன்னும் கொறையும், அதனால நல்லா இழுத்து விறைப்பா மாட்டணும். டப்பால 400 சிஎஃப்எம்னு (நிமிஷத்துக்கு இத்தன கன அடி காத்துன்னு அர்த்தம்) போட்டிருக்கான், அது ஹோஸும் வளைவும் எதுவுமே மாட்டாம வெறும் ஃபேனுக்கு. மாட்டுனதுக்கப்புறம் பாதி வந்தாலே நான் சந்தோஷப்படுவேன், பாதியே நமக்கு எக்கச்சக்கம், புல்லட்ட 3,000 ஆர்பிஎம்ல முறுக்குனாலும் அது உறியற காத்து 20 சிஎஃப்எம்முக்குள்ளதான்.

அளக்கறதுக்கு மெஷின் எல்லாம் இல்ல, ஊதுபத்தி டெஸ்ட்தான். ஃபேன ஓட விட்டு ஹோஸ் வாய்க்கிட்ட ஊதுபத்தியக் காட்டுங்க, புகை எவ்வளவு தூரத்துல இருந்து வளைஞ்சு உள்ள போகுதோ அதுவரைக்கும்தான் உங்க ராஜ்ஜியம். எனக்கு ஃபுல் ஸ்பீடுல ஒரு சாண், பாதி ஸ்பீடுல நாலு விரக்கட. ஷட்டர சுத்தமா மூடிட்டு இதே டெஸ்ட் பண்ணிப் பாருங்க, பத்தி புகை சோம்பேறியா நேரா மேல போகும், அடுப்படிக் கதவுக்கு அடில இருந்து காத்து விசில் அடிச்சுட்டு வரும். அதனால ஷட்டர் கீழ அரையடி எப்பவும் தொறந்துதான் இருக்கணும், சத்தம் கொஞ்சம் வெளிய போனாலும் பரவால்ல.

அடுத்தது ஹோஸ் வாய சைலன்சர்ல எப்படி மாட்டறதுன்னு. கிட்ல வந்த க்ளாம்ப வெச்சு இறுக்கிக் கட்டிறாதீங்க. காட்டூர் பக்கம் ஒரு தகரப் பட்டறைல ஜிஐ தகட்டுல புனல் மாதிரி ஒண்ணு அடிச்சு வாங்குனேன், 350 ரூபா, சைலன்சர் வாயச் சுத்தி ரெண்டு இன்ச் இடைவெளி விட்டு நிக்கும். அந்த இடைவெளி வழியா ரூம் காத்தும் கூடவே போறதால புகை ஆறிப் போகுது, ஃபேன் மோட்டாரு சூடு தாங்குது, இஞ்சினையும் போட்டு உறியாது. இறுக்கிக் கட்டுனா ஐடிலிங் செட் பண்றது எல்லாம் பொய்யாப் போயிரும்.

ரெண்டாவது மாசமே கிட்ல வந்த ஃபாயில் ஹோஸ் போயிருச்சு. புல்லட்ட பத்து நிமிஷம் முறுக்கிட்டு இருந்தேன், பிளாஸ்டிக் கருகுற நாத்தம், பாத்தா புனலுக்குப் பக்கத்துல உள் லேயர் உருகி ஒட்டியிருக்கு. டப்பா மேல "அலுமினியம்"னு போட்டிருக்கறது மேல் சட்டை மட்டும்தான் போல. இதுக்கு மட்டும் ஒரு ஸ்டார் கட். மொத ஒண்ணரை மீட்டர மட்டும் சிலிக்கான் பூசுன கண்ணாடி இழை ஹோஸா மாத்துனேன், ஹோஸோட வெலைதான் கேட்டா மயக்கம் வரும், மீட்டர் 1,150. ஆனா அஞ்சு மாசமா அசையல, கால்ல மிதிச்சாலும் திரும்ப எந்திரிச்சு நிக்குது.

இன்னொண்ணு யாரும் சொல்லாதது, தண்ணி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வருது, அது ஆறிப்போன ஹோஸ்ல படிஞ்சு ஒழுகும். ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக் வேற, ஆயிலும் சேந்துக்கும். மொத மாசம் ஃபேன் பாடில இருந்து கருப்பா சொட்டு சொட்டா என் தலைல. ஹோஸ் எங்கயும் தொப்பை போடாம, வெளிச்சுவத்துப் பக்கம் சரிவா இருக்கற மாதிரி மாத்தி மாட்டுனேன், சரியாச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஃபேன் எறக்கைய மண்ணெண்ணெய் துணில தொடைக்கணும், வெளி மூடிக்கு வலை போடணும், இல்லாட்டி அணில் குடும்பம் நடத்திரும்.

ரெகுலேட்டர் அஞ்சாவது மாசம் புஸ்ஸுன்னு போச்சு. வாரண்டி ஒரு வருஷம், ஆன்லைன்ல வித்தவரு மூணு வாரம் "நாளைக்கி சார்"லயே ஓட்டுனாரு, கடைசில லோக்கல் எலக்ட்ரிகல் கடைல 280 ரூபாக்கு ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன். மோட்டாரு இன்னிவரைக்கும் தங்கம். சத்தம் ஃபுல்லுல வெச்சா மிக்சி மாதிரி, பாதில வெச்சா ஆளு பேசறது கேக்கும்.

ரிசல்ட்? புனல் மாட்டி, ஷட்டர் அரையடி தொறந்து, புல்லட்ட பதினஞ்சு நிமிஷம் ஓட விட்டா நான் உக்காந்திருக்கற எடத்துல மீட்டர் 4, 6, எப்பவாச்சும் 9. கோல்டு ஸ்டார்ட்ல சோக் போட்டு அடிக்கறப்ப மட்டும் 15 வரைக்கும் போயிட்டு எறங்கும். எட்டு மாசமா ஞாயித்துக்கெழமை தலைவலி இல்ல.

மீட்டர் பத்தி ஒரு வார்த்தை. ஆன்லைன்ல 700 ரூபாக்கு பேரு ஊரு இல்லாத அலாரம் ஒண்ணு வாங்கி, சைலன்சர்ல இருந்து ரெண்டடில வெச்சேன், கல்லுப்பிள்ளையார் மாதிரி ஜீரோவே காட்டுது. டெஸ்ட் பட்டன அமுக்குனா மட்டும் ஊரே கேக்கற மாதிரி கத்தும், அந்த பட்டன் பெரும்பாலும் ஹாரனத்தான் செக் பண்ணும், சென்சார அல்ல. தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் இருக்கற கை மீட்டர் வாங்குனேன், 3,200. நல்ல வீட்டு அலாரமும் ஒண்ணு அடுப்படிக் கதவுக்கு உள்பக்கம் இருக்கு, ஆனா அது தூங்கற ஆளுங்களுக்கானது. அமெரிக்க ஸ்டாண்டர்டுப்படி செஞ்ச அலாரம் 70 பிபிஎம்ல ஒரு மணி நேரம் வரைக்கும் கத்தவே கூடாது, 150-லயும் கொறஞ்சது பத்து நிமிஷம் ஆகும். வண்டிக்குப் பக்கத்துல உக்காந்து வேலை பாக்கறவனுக்கு நம்பர் காட்டற மீட்டர்தான் வேணும்.

கரண்ட் போனா என்ன ஆகும்னு அம்மா கேட்டாங்க, எனக்குத் தோணவே இல்ல. ஃபேன் நின்னா புனல்ல இருந்து எல்லாம் திரும்ப உள்ளதான் வரும். இப்ப ஃபேன இன்வெர்ட்டர் லைன்ல போட்டாச்சு, இழுக்கறது அறுவது எழுவது வாட்தான். ஜெனரேட்டர இந்த ஹோஸ்ல மாட்டி ஷெட்டுக்குள்ள ஓட்டலாமான்னு மச்சான் ஒருத்தன் கேட்டான், வெச்சு வாங்கிட்டேன். ஜெனரேட்டருக்கு எடம் வெட்டவெளி, வீட்டு ஜன்னல விட்டுத் தள்ளி, அவ்வளவுதான்.

பெட்ரோல் ஆவிக்கு இந்த ஃபேன் இல்ல, அதையும் சொல்லிடறேன். அது காத்தவிட கனம், தரையோட தவழும், ஃபேன் மோட்டார்ல சுவிட்சுல ஒரு பொறி போதும். கார்புரேட்டர் கழுவறது, டேங்க் எறக்கறது எல்லாம் வாசல்ல. உள்ள சிந்திருச்சுன்னா எந்த சுவிட்சையும் தொடாம ஷட்டர ஃபுல்லா தூக்கிட்டு வெளிய போய் நிக்கணும்.

ஷெட்டுல வண்டி நிறுத்த மட்டும் செய்யறவங்களுக்கு இது தண்டச் செலவு. ஷட்டரத் தொறந்து, ஸ்டார்ட் பண்ணி, ஒடனே வெளிய எடுத்துருங்க, உள்ள நின்னு வார்ம் அப் பண்ற பழக்கம் வேண்டாம், புது காரா இருந்தாலும் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாகற வரைக்கும் அது சும்மா ஒரு டப்பாதான்.

கணக்கு: கிட் 4,600, கோர் கட்டிங் 900, புனல் 350, நல்ல ஹோஸ் ஒண்ணரை மீட்டர் 1,725, ரெகுலேட்டர் 280, மீட்டர் 3,200. மொத ஃபேனையும் ஊமை அலாரத்தையும் சேத்தா இன்னும் 2,100. அஞ்சுக்கு மூணரை ஸ்டார், ஃபேனுக்கு நாலரை, ஹோஸுக்கு ஒண்ணு. அடுத்த வாரம் ஆர்எக்ஸுக்கு பிஸ்டன் ரிங் மாத்திட்டு திரும்ப டெஸ்ட் ஓட்டணும், பூஜை ரூம்ல பத்தி பாக்கெட் பாதி காணோம்னு அம்மா தேடிட்டிருக்காங்க, புதுசா ஒண்ணு வாங்கிட்டுதான் ஆரம்பிக்கணும்.